கொப்புப் பிள்ளையார்

சட்டத்தில் கொப்பு என்று ஒன்று கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மரம் இருக்கிறதாம், மரத்தைத் தறிப்பது இருக்கிறதாம், தறித்ததை ஏற்றிப் போகிற லொறிகூட இருக்கிறதாம். கொப்பு மட்டும் இல்லை. எனக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு கொப்பை, ஒரு பெரிய கிளையை, வெட்டுவதற்கான அனுமதி. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கடதாசிகளுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த மனிதரின் மேசைக்கு முன்னால் வாயடைத்துப்போய்த்தான் இருந்தேன்.

மரம் பாலை. எங்கள் வேலிக்கு வெளியே வீதிக்கரையில் நிற்கிறது. என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து இங்கே வந்தபோதே அது பெரிய மரம்தான். சண்டை முடிந்து முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் கிடந்தது, கிணறு தூர்ந்திருந்தது, மரம் நின்றது. இப்படி நின்ற மரங்களைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் உண்டு. நான் அழவில்லை. வீடு போய் மரம் நிற்பதில் எனக்கு என்ன லாபம் என்றுதான் நினைத்தேன். அதில் ஷெல் பட்ட காயம் ஒன்று இருந்ததைக்கூட அப்போது கவனிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கடைசிச் சண்டையில், பதுங்குகுழிக்கு ஓடும் வழியில், ஷெல் துண்டொன்று அவளுடைய முள்ளந்தண்டில் பட்டது. அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். வீட்டுத்திட்டம் வந்தபோது ஒரு தொண்டு நிறுவனம் அவளுக்கென்று தனி அறை கட்டித் தந்தது. அகலக் கதவு, படிக்குப் பதிலாகச் சாய்வான பாதை, அறைக்குள்ளேயே கைபிடி வைத்த கக்கூஸ். எங்கள் வளவு முழுக்கக் குருமணல், சக்கரம் புதையும். அதனால் அறையை வீதிப்பக்கமாகக் கட்டினார்கள். மேலே பாலையின் பெரிய கொப்பு பச்சையாகப் பரந்து நின்றது. நல்ல நிழல் என்றார் பொறியியலாளர். நாங்களும் தலையாட்டினோம்.

அந்த அறை வந்த பிறகுதான் அவள் மனுஷியாக வாழத் தொடங்கினாள். ஒருவர் தூக்காமல் குளிக்கவும், ஒருவரைக் கூப்பிடாமல் கக்கூசுக்குப் போகவும் அவளால் முடிந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு காலும் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தொடங்கி ஓ.எல். பரீட்சை எடுக்கிறவர்கள் வரை வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அவள் அதட்டுகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். தகப்பனின் குணம் அப்படியே வந்திருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். அதை அவள் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை.

பிறகு ஒரு வறட்சி வருடம் வந்தது. மரம் இலை உதிர்த்தது. மழை விழுந்ததும் மற்றக் கொப்புகள் துளிர்த்தன. இந்தப் பெரிய கொப்பு துளிர்க்கவில்லை. அந்தப் பழைய ஷெல் காயத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே கோறையாகியிருந்தது. மரங்கொத்தி வந்து தட்டினால் வெறும் தகரப் பீப்பாவில் தட்டுவது போலக் கேட்கும். பாலை தண்ணீரில் போட்டால் தாழ்கிற மரம், அவ்வளவு பாரம். நெல் மூட்டைப் பருமனில் அந்தப் பாரம் மகளின் கட்டிலுக்கு நேர் மேலே நின்றது. கட்டிலை மாற்றிப் போட அந்தச் சின்ன அறையில் இடமில்லை.

முதலில் வராமல் நின்றவர்கள் படிக்க வந்த பிள்ளைகள்தான். காற்றுக் காலத்தில் ஒரு நாள் கைத்தடிப் பருமனான கிளையொன்று முறிந்து கூரை ஓடுகளை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அடுத்த நாள் பாதிப் பேர் வரவில்லை. ஒரு வீட்டில் தடிமன் காய்ச்சல், இன்னொரு வீட்டில் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் வாசலில் செருப்பே இல்லாமல் போனது. அந்தத் தாய் தகப்பன்மாரில் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் என் பிள்ளை இரவும் பகலும் அதற்குக் கீழேயே கிடந்தாள். காற்றடித்தால் அவளுக்கு நித்திரை இல்லை. மேலே முனகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். அவள் நித்திரை இல்லாமல் கிடக்கிறாள் என்று தெரிந்துகொண்டு நாங்கள் பக்கத்து அறையில் கிடப்போம்.

ஓர் ஆளைப் பிடித்துச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிடலாம் என்றும் யோசித்தேன். அப்படித் தன் வளவுக்குள் நின்ற முதிரை மரத்தில் கை வைத்த ஒருவர் நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பாலையும் அந்தச் சாதிதான், அனுமதி இல்லாமல் தொட முடியாது. அதனால் முறைப்படி போவோம் என்று பிரதேச சபைக்குப் போனேன். அங்கேதான் சட்டத்தில் கொப்பு இல்லாத கதையைக் கேட்டேன்.

“கொப்பு எண்டு கேக்காதேங்கோ ஐயா, மரம் எண்டு கேளுங்கோ” என்றார் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் கெட்டவர் இல்லை. இளம் ஆள், இருக்கச் சொல்லிக் கதிரை தந்தவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டவர். மரம் என்று கேட்டால் தருவீர்களா என்று கேட்டேன். முழு மரத்தையும் தறிக்கத் தர மாட்டார்களாம், ஏனென்றால் மரத்தின் மற்றப் பக்கம் நல்ல சுகமாக இருக்கிறதாம். சுகமில்லாத பக்கத்தை மட்டும் கேட்டால் அது கொப்பு.

பிறகு நான் அலைந்தேன். கிராம அலுவலர் வந்து கழுத்து நோகுமட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆபத்துத்தான் என்று எழுதித் தந்தார். பிரதேச செயலகத்தில் அதைக் கடதாசிக் கோவையொன்றுக்குள் வைத்தார்கள். வனத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சிங்களவர். மகளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார், ஆனால் வீதிக்கரை மரம் தன் பொறுப்பில் இல்லை என்றார். பெரிய வீதிகளைப் பார்க்கிறவர்கள் இது சபையின் வீதி என்றார்கள். சபையில் போய்க் கேட்டால் மரம் எங்களுடையதுதான், ஆனால் அந்த இனத்துக்கு வனத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். மின்சாரக்காரர் கம்பிக்கு மேலே வருவதை உடனே வெட்டுவார்கள். எங்கள் கொப்போ கம்பிக்கு மறுபக்கம் சாய்ந்து நின்றது. இதை நான் வந்து சொன்னபோது, தன்னைக் கட்டிலோடு தூக்கிக் கம்பத்தில் கட்டிவிடச் சொன்னாள் மகள். மனைவி அவளை ஏசினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான். கொப்பு என்று போடாமல் ‘மரத்தின் ஆபத்தான பகுதி’ என்று போட்டார். அந்தப் பெயரில் அது சபைக் கூட்டத்துக்குப் போனது, வனத்துக்குப் போனது, திரும்பி வந்தது. மரத்துக்குள் ஷெல் துண்டு இருந்தால் அறுக்கிற வாள் உடையுமே என்று யாரோ ஒருவர் கேட்டு அதற்கும் ஒரு விளக்கம் எழுதினோம். அனுமதி கிடைத்தது. வியாழக்கிழமை ஆட்கள் வருவார்கள் என்று அவர் தொலைபேசியில் சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

என் மனைவி தண்ணீரூற்று என்ற ஊர்க்காரி. காட்டை நம்பிச் சீவித்த குடும்பம். அவர்கள் பக்கத்தில் பெரிய மரமொன்றில் கத்தி வைக்குமுன் மரத்திடம் சொல்லுவார்கள். அடியில் கற்பூரம் கொளுத்தி, இதில் இருக்கிறவர்கள் வேறு இடம் பாருங்கள், எங்களைக் குறை நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த வியாழக்கிழமை விடிய அவள் முழுகிவிட்டு வந்து, காய்ந்த சருகில் நெருப்புப் பிடிக்காமல் இருக்க ஒரு தட்டைக் கல்லை மரத்தடியில் வைத்து, அதன்மேல் கற்பூரம் கொளுத்தினாள். உன் ஒரு கையை எடுக்கப் போகிறோம் என்று மரத்துக்குச் சொன்னாள். சபைக்குக் கொடுத்த கடிதத்தில் ஒரு பிரதியை மரத்துக்கும் கொடு என்று நான் பகிடி பண்ணினேன்.

அன்றைக்கு யாரும் வரவில்லை. உயரத்துக்கு ஏறுகிற வாகனத்தை வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அடுத்த கிழமை என்றார்கள். அடுத்த கிழமையும் அவள் முழுகி, கல்லில் இருந்த கரியைத் துடைத்து, கற்பூரம் கொளுத்தினாள். ஏற்கனவே சொல்லியாயிற்றே என்றேன். சொன்ன நாளில் செய்யாவிட்டால் சொன்னது பொய்யாகிவிடும், திரும்பச் சொல்ல வேண்டும் என்றாள். அந்த முறை டீசல் இல்லை. அதற்குப் பிறகு வாள்காரருக்குச் சுகமில்லை. பிறகு சபையில் தேர்தல் வேலை. ஒவ்வொரு திகதிக்கும் அவள் தவறாமல் மரத்திடம் மன்னிப்புக் கேட்டாள். பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே என்ற கூச்சத்தில் ஒருமுறை கல்லுக்குச் சந்தனம் பூசினாள். இன்னொரு முறை செவ்வரத்தம்பூ வைத்தாள்.

எங்கள் வீதி காட்டுக்குப் போகிற வீதி. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் காட்டுக்குள் இறங்குமுன் ஒரு பிள்ளையாரைக் கண்டால் இலையோடு ஒரு சின்னக் குழை முறித்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். கரி பிடித்த கல்லும் சந்தனமும் பூவும் கண்டால் யார்தான் சும்மா போவார்கள்? ஒரு நாள் காலையில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழை கிடந்தது. ஆடு இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று எடுத்து எறிந்தேன். இரண்டு நாளில் நாலைந்து கிடந்தன. எறிந்தேன். பிறகு ஒரு கட்டுக் கிடந்தது, அதற்கு மேலே ஒரு உடைத்த தேங்காய்ப் பாதி இருந்தது. தேங்காயை எறிய எனக்குக் கை வரவில்லை. அந்த நேரம் எறிந்திருக்க வேண்டும் என்று இப்போது எத்தனையோ தரம் நினைக்கிறேன், ஆனால் எறிந்திருந்தாலும் அடுத்த நாள் இன்னொரு தேங்காய் வந்திருக்கும்.

மணல் ஏற்றுகிற ரிப்பர் வாகனம் வைத்திருந்த ஒருவருக்கு எங்கள் வளைவில் பிரேக் பிடிக்காமல் போய், வாகனம் மரத்துக்கு ஒரு முழம் இங்கால் நின்றுவிட்டது. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சூலமும் தகரக் கூரையும் கொண்டுவந்து நட்டார். பிள்ளையாருக்குச் சூலம் ஏது என்று நான் கேட்டேன். கடையில் அதுதான் இருந்ததாம். பெயரும் அவர்கள்தான் வைத்தார்கள், கொப்புப் பிள்ளையார். இவ்வளவு காலமாகப் பட்டுப்போன கொப்பு விழாமல் நிற்கிறதே, அதுதான் அவருடைய அற்புதமாம். எங்களை நித்திரை கொள்ள விடாத கொப்பைப் பார்த்து அவர்கள் கைகூப்பினார்கள். மகளின் யன்னல் மரத்தைப் பார்த்தபடி இருந்தது. கும்பிட்டவர்கள் அவளைக் கண்டுவிட்டு, பாவம் என்று யன்னலுக்குள்ளால் வாழைப்பழம் நீட்டினார்கள். கொஞ்ச நாளில் அவள் யன்னலைப் பூட்டிவிட்டாள்.

இந்தக் கோலத்தில்தான் ஒரு நாள், சொன்னது சொன்னபடி, சபை வாகனம் வந்து நின்றது. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்திருந்தார். உயரத்துக்கு ஏறுகிற வாகனம், கயிறு, மெசின் வாள், எல்லாம் இருந்தன. மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பின் வளவுக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். மணலில் சக்கரம் புதைந்தது, இரண்டு பேருமாகச் சிரித்தோம். அவளுடைய பழைய மாணவி ஒருத்தி சாமான்களை எடுத்து வைக்க வந்தாள். கொப்பு விழுந்த பிறகு திரும்பவும் வகுப்புத் தொடங்குவதைப் பற்றி அவர்கள் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

வாள் பிடிக்கிறவர் மலையகத்திலிருந்து கலவரக் காலத்தில் இங்கே வந்து குடியேறிய குடும்பத்து ஆள், நடுத்தர வயது. அவர் மரத்தைச் சுற்றிப் பார்த்தார். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். கூரையை, சூலத்தை, குழைகளைப் பார்த்தார். பிறகு வாளை வாகனத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“மன்னிச்சுக்கங்க ஐயா. சாமி மரத்துல நான் கை வைக்க மாட்டேங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

இது சாமி இல்லை, என் மனைவி கற்பூரம் கொளுத்த வைத்த கல் என்று நான் விளக்கினேன். சத்தம் போட்டும் விளக்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், அசையவில்லை. உதவிக்கு வந்த மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். உத்தியோகத்தர் என் மனைவியைக் கூப்பிட்டார். அவள் மரத்தடிக்கு வந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நீங்கள்தானே வைச்சனீங்கள். நீங்களே சொல்லுங்கோ. இது கல்லோ, பிள்ளையாரோ?”

அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

“நான் வைக்கேக்க கல்லுத்தான் தம்பி” என்றாள். “இப்ப எனக்குத் தெரியாது.”

வாகனம் போய்விட்டது. அன்றைக்கு நான் அவளிடம் கதைத்த கதையை இங்கே எழுத மாட்டேன். பெற்ற பிள்ளைக்காக ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அவள் குசினி வாசலில் குந்தியிருந்து அழுதாள். “பிள்ளைக்காக எவ்வளவு பொய்யும் சொல்லுவன். ஆனா அதுக்கு முன்னால நிண்டு, நீ வெறும் கல்லு எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? பிறகு அது கோவத்தில பிள்ளைக்கு மேலதானே விழும்?” என்றாள். மரத்தை மதிக்கத் தெரிந்தவளாக அவள் வளர்ந்தது யாருடைய பிழை?

இதற்குப் பிறகு சபையில் இன்னொன்று கேட்டார்கள். வணக்கத் தலம் ஒன்று வந்துவிட்டபடியால் கோயில் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். நிர்வாகமே இல்லையே என்றேன். இல்லாவிட்டால் ஒன்று தெரிவு செய்யுங்கள் என்றார்கள். அதையும் செய்தோம். மரத்தடியில் கூட்டம் நடந்தது. ரிப்பர்க்காரரைத் தலைவராக்கினார்கள். சங்கக்கடையில் இருந்தவர், நேர்மையானவர் என்று என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். நான் எழுந்து கொப்பை வெட்டுவதற்குச் சம்மதம் கேட்டேன். மகளின் நிலைமை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களில் சிலரின் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பித்தவள் அவள். தலைவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொப்பை வெட்டினா பிறகென்ன ஐயா கொப்புப் பிள்ளையார்?”

பிள்ளையாரையே வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாமா என்று பக்கத்து ஊர் ஐயரிடம் போய்க் கேட்டேன். முறையாக எழுந்தருளப் பண்ணிய சாமியாக இருந்தால் அதை எடுத்து வைக்கவும் ஒரு முறை உண்டாம். யாரோ வைத்த கல்லை எடுப்பதற்கு முறை இல்லையாம். நிர்வாகத்தார் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். கொப்புக்கு முண்டு கொடுக்க ஒரு பனங்குற்றி கொண்டுவந்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பூசி நிறுத்தினார்கள். முதல் காற்றுக்கே அது சரிந்து கிடந்தது. எங்கள் பிள்ளை கொப்புப் பிள்ளையாரின் கைக்குக் கீழே இருக்கிறாள், ஒன்றும் நடக்காது என்று வந்த பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அவருக்கு என்னைக் காப்பாத்த வேணுமெண்டு இருந்தா பங்கருக்கு ஓடின அண்டைக்கே காப்பாத்தியிருக்கலாம்” என்றாள். அதற்குப் பிறகு அவர்கள் அவளிடம் அந்தக் கதை எடுக்கவில்லை.

மாரி தொடங்கியதும் அவளை நடு அறைக்குக் கொண்டுவந்தோம். அங்கே கட்டில் பிடித்தது, சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. கக்கூசுக்குத் தூக்க வேண்டும், குளிக்கத் தூக்க வேண்டும். நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னோர் அறை கட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முறைதான் என்றார்கள். நாங்களே கட்டலாம் என்றால் பின் வளவு மாரியில் முழங்கால் தண்ணீர். மனைவிக்கு இடுப்பு விட்டது. ஒரு நாள் இருவருமாக அவளைத் தூக்கும்போது மனைவியின் கை வழுகி, மூன்று பேரும் நிலத்தில் இருந்துவிட்டோம். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு மகள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள் என்று எனக்கு அவளுடைய முகத்தில் தெரிந்தது.

வவுனியாப் பக்கத்தில் முள்ளந்தண்டு பாதித்தவர்களைப் பராமரிக்கிற இல்லம் ஒன்று இருக்கிறது. தன்னைப் போல ஆஸ்பத்திரியில் கிடந்த சிநேகிதிகள் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள் என்றும், தானே கதைத்து இடம் எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? வான் வந்த அன்றைக்கு மரத்தடியில் வெள்ளிக்கிழமைப் பொங்கல். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அவளை ஏற்றிவிட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தோம். தாய் குனிந்து நெற்றியில் திருநீறு பூசப் போக, மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக அதில ஒண்டும் கொளுத்தாதேங்கோ அம்மா.”

தாய் ஓம் என்றாள். அன்றிலிருந்து அவள் மரத்தடிக்குப் போவதில்லை. நானும் பொருளாளர் வேலையை விட்டுவிட்டேன். உண்டியல் திறப்பை ரிப்பர்க்காரரின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாரி முடிந்ததும் திரும்பவும் சபைக்குப் போனேன். நிர்வாகத்தார் இளகத் தொடங்கியிருந்தார்கள். மகள் போன பிறகு ஊரில் சிலருக்கு மனம் குத்தியிருக்க வேண்டும். கொப்பில் பாதியை விட்டுவிட்டு, அறைக்கு மேலே நிற்கும் பாதியை மட்டும் வெட்டலாம் என்று தலைவர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, நீண்ட நாளுக்குப் பிறகு ஒரு தெம்போடு போய் அந்தக் கதிரையில் இருந்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோவையை எடுத்துப் புரட்டினார். புரட்டியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது மூடியாச்சு ஐயா” என்றார்.

ஏன் என்று கேட்டேன். அனுமதி தந்தது உயிராபத்து என்ற காரணத்துக்காக. இப்போது அந்த அறையில் ஒருவரும் குடியிருக்கவில்லை என்று கிராம அலுவலர் எழுதி அனுப்பியிருக்கிறார். ஆள் இல்லாத இடத்தில் உயிராபத்து என்று எப்படிப் போடுவது? கொப்புக்குப் பயந்துதான் அவள் போனாள், கொப்பு விழுந்தால்தான் திரும்பி வரலாம் என்றேன். அவருக்கு விளங்கியது. விளங்குது ஐயா, விளங்குது ஐயா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோவையை மூடி மேசையின் ஓரத்தில் வைத்தார். எனக்கு அவரில் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம்கூட வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள்.

பின்னேரம் மகள் தொலைபேசி எடுத்தாள். அவள் ஒவ்வொரு நாளும் எடுப்பாள். இல்லத்தில் எல்லோரும் நல்லவர்களாம், சாப்பாடு பரவாயில்லையாம், அங்கே ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். சபைக்குப் போன விஷயம் என்ன என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். அவளுக்கு என் குரல் தெரியும். நடந்ததைச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “அப்ப நான் திரும்பி வந்து அதுக்குக் கீழ படுத்தாத்தான் வெட்டுவினம், என்ன அப்பா?”

நானும் சிரித்து வைத்தேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“வரட்டே அப்பா?” என்று கேட்டாள்.

அதில் பகிடி இல்லை. அவளுக்கு வீட்டுக்கு வர வேண்டும். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டனியோ பிள்ளை என்று கேட்டேன்.